சென்னிமலைப் பக்கம் ஒரு மாலைநேரப் பயிற்சி வகுப்பு: விடைத்தாள் திருத்தும் முறைக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கலாம்

சென்னிமலையிலிருந்து பெருந்துறை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு வீட்டு மாடியில், ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பயிற்சி வகுப்பு நடத்திவருகிறார். பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளாதவர் என்பதால் இங்கும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த என் மகளை அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு அங்கே சேர்த்தோம். பொதுத்தேர்வு வரையில் அவள் கொண்டுவந்த விடைத்தாள்களைப் பார்த்துவந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் கொங்குப் பகுதியில் பத்தாம் வகுப்பு என்றாலே நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளின் பெயர்கள்தான் பேச்சில் முதலில் வரும். மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது என்றாலும், ஊருக்கு ஊர் மதிப்பெண் பேனர்கள் இன்றும் குறையவில்லை. அந்தக் கட்டணமெல்லாம் கைத்தறி நெய்கிறவர்களுக்கும் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கும் எட்டாதது. அத்தகைய வீட்டுப் பிள்ளைகள்தான் இந்த மாடிக்கு வருகிறார்கள்.

பாடத்தை முதலிலிருந்து நடத்துவது இங்கே வழக்கமில்லை. அது பள்ளியின் வேலை என்பது ஆசிரியரின் கருத்து. சனிக்கிழமைதோறும் முழு வினாத்தாள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை திருத்திய தாளை வைத்துக்கொண்டு வகுப்பு, வார நாள்களில் மாலையில் சந்தேகம் கேட்க நேரம் என்பதுதான் ஏற்பாடு. தேர்வு பள்ளியில் நடப்பதைப் போலவே நடக்கிறது. முதல் பத்து நிமிடம் பேனாவைத் தொடக் கூடாது. வினாத்தாளை வாசித்து, விட்டுவிடப்போகும் வினாக்கள் எவை என்று முடிவு செய்ய வேண்டும். பொதுத்தேர்வில் வினாத்தாள் படிக்கத் தரும் அந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் பதற்றத்திலேயே கழித்துவிடுகிறார்கள் என்பதால், இந்தப் பழக்கத்தைப் பெரிதாக மதிக்கிறேன்.

திருத்தும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கணிதத்தில் கடைசிப் பகுதியான வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண் உண்டு. மகள் ஒரு தேர்வில் இருபடிச் சமன்பாட்டுக்கு வரைபடம் போட்டிருந்தாள். அட்டவணையும் சரி, புள்ளிகளும் சரி, வளைவரை எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தைக் கொண்டு கண்ட தீர்வும் சரி. ஆனால் அளவுத்திட்டம் எழுதவில்லை, அச்சுகளுக்குப் பெயரிடவில்லை, புள்ளிகளை வளைவாக இணைக்காமல் ஸ்கேல் வைத்துக் கோடுகளாக இணைத்திருந்தாள். மூன்று இடங்களிலும் தனித்தனியாக வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் குறைத்த மதிப்பெண்ணைப் பக்கத்திலேயே எழுதியிருந்தார். “ஏங் கண்ணு, படம் நல்லாத்தான் வந்திருக்குது. என்ன அளவுல போட்டீன்னு திருத்தறவருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு வினாவை மட்டும் புதிய வரைபடத் தாளில் போடச் சொல்லிப் பழைய தாளோடு இணைத்துத் திருப்பித் தந்தார். மொத்தத்தையும் பத்து முறை எழுதிவா என்று இம்போசிஷன் கொடுக்கும் வழக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பயனுள்ளது என்பது புரியும். வடிவியலிலும் உதவிப்படமும் வரைமுறையும் இல்லாத தாளை அவர் அப்படியே விடுவதில்லை.

கணிதத் தாளில் 28-ஆம் வினாவும் 42-ஆம் வினாவும் கட்டாய வினாக்கள். கைடில் உள்ள கணக்குகளை மனப்பாடம் செய்து வரும் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விரண்டில்தான். ஆகவே வாரந்தோறும் இவற்றுக்கு மட்டும் புத்தகக் கணக்கின் எண்களையும் கேட்கும் விதத்தையும் மாற்றிப் புதிதாக எழுதித் தருகிறார். அறிவியலில் லென்சின் ஒளிக்கதிர்ப் படத்தில் அம்புக்குறி இல்லையென்றால் மதிப்பெண் குறைக்கிறார். ஒரு மதிப்பெண் வினாவுக்குக் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு விடையை எழுதாமல் விட்டாலும் விடுவதில்லை. இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே அறிவுறுத்தல் இருக்கிறது.

தேர்ச்சியே சந்தேகம் என்ற நிலையில் வரும் பிள்ளைகளுக்கு அவர் போட்டுக் காட்டும் கணக்கு எளிமையானது. வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, ஆக 30. இதோடு மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்களைச் சரியாக எழுதினால் 35-ஐத் தாண்டிவிடலாம். இதைக் கேட்ட பிறகுதான் சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

குறைகளும் உண்டு. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சமூக அறிவியலுக்கும் இங்கே ஆளில்லை; சமூக அறிவியலில் வரைபடத்தில் இடம் குறிக்கும் வினாவுக்கு இதே அக்கறையோடு பயிற்சி கிடைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். தகரக் கூரை என்பதால் மாசி பிறந்துவிட்டால் மாலை ஆறு மணிக்கும் வெக்கை தாங்க முடியவில்லை. திருப்புதல் தேர்வு நாள்களில் வகுப்பு எட்டரை மணியைத் தாண்டுகிறது; டவுன் பஸ்ஸை நம்பி வரும் பெண் பிள்ளைகளுக்கு இது பெரும் சிரமம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் மதிப்பெண்ணை வாசிக்கும் பழக்கம். ஒவ்வொரு தவறையும் தனித்தனியாக விளக்கி எழுதத் தெரிந்த ஆசிரியருக்கு, அந்த மதிப்பெண்ணையும் பிள்ளையிடம் தனியாகச் சொல்வது இயலாத காரியம் அன்று. குறைந்த மதிப்பெண் எடுத்த ஒரு பையன் அடுத்த வாரமே நின்றுவிட்டான். உண்மையில் அந்த வகுப்பு யாரையும்விட அவனுக்குத்தான் தேவைப்பட்டது. பெற்றோர் சிலர் எடுத்துச் சொல்லியும் நான் அறிந்தவரை அந்தப் பழக்கம் மாறவில்லை.

கட்டணம் இரண்டு பாடங்களுக்கும் சேர்த்து மாதம் 700 ரூபாய், முன்பணம் கேட்பதில்லை. அடிப்படையே தெரியாத பிள்ளை என்றால் அரையாண்டு வரை காத்திருக்காமல் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் சேர்த்துவிடுவது நல்லது. ஜனவரிக்குப் பிறகு தேர்வுகள் அடுத்தடுத்து வருவதால் பின்தங்கியவர்களைத் தனியாகக் கவனிக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை. சேர்க்கப் போகும்போது பிள்ளையின் பள்ளி விடைத்தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். முதலில் அவற்றைத்தான் கேட்பார்.