நெற்றி உயரத்துக்கு ஒரு காவல்

சேலம் அம்மாப்பேட்டையில் 20 வருடம் குழித்தறி நெய்தவன் நான். முதலில் மாலைக்கண் என்றார்கள். அப்புறம் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, 43 வயதில் முழுக்கப் போய்விட்டது. வெள்ளைத்தடி பிடித்து 8 வருடம் ஆகிறது. அதன்மேல் எனக்குக் குறையே கிடையாது, ஒன்றைத் தவிர. தடிக்குத் தரைதான் தெரியும். நிற்கும் லாரியின் பின்கதவு, பாதி இறக்கிய ஷட்டர், தெருப்பக்கம் திறந்து வைத்த ஜன்னல், இதையெல்லாம் என் நெற்றிதான் கண்டுபிடிக்கும். மூன்று தையல் போட்டிருக்கிறது.

போன வருடம் அக்கா மகன் ஸ்மார்ட்கேன் என்ற கருவியை வாங்கி வந்தான். டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகி 2014இல் வெளிவந்தது. அப்போது விலை 3,000 ரூபாய் அளவில். மடக்குத்தடியின் மேல்பகுதியில் கைப்பிடிபோல மாட்டிக்கொள்ள வேண்டும். வௌவால் வித்தைதான். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிட்டு, பிடியை அதிரவைக்கும். 3 மீட்டர் போய் வர ஒலிக்கு நொடியில் 50இல் ஒரு பங்கு நேரம்கூட ஆகாதாம். வெளியில் நடக்க 3 மீட்டர், வீட்டுக்குள் 1.8 மீட்டர் என்று இரண்டு நிலைகள். சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

முதல் பத்து நாள் வெறுத்தே போனேன். செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் அது ஓயவே இல்லை. ஆள், மூட்டை, வண்டி, மறுபடி ஆள். “மாமா, கூட்டத்துல சின்ன தூரத்துக்கு மாத்திக்குங்க” என்று பையன் சொன்ன பிறகுதான் சரிப்பட்டது. மற்றதைத் தறி சொல்லிக்கொடுத்திருந்தது. குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும்போது கைக்கு வரும் அதிர்வு சற்றே மாறினாலும் இழையில் ஏதோ கோளாறு என்று நெசவாளிக்குத் தெரிந்துவிடும். இங்கேயும் அதேதான்; பொருள் நெருங்க நெருங்க அதிர்வின் தாளம் மாறுகிறது. மணிக்கட்டு மட்டும் திரும்பிவிடக் கூடாது. கருவி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சேதிதான் வரும். கொடியில் காயும் புடவையையும் முழுசாக நம்ப முடியாது, துணி ஒலியை விழுங்கிவிடும்.

ஒருநாள் இது இருக்கிற தைரியத்தில் தடியால் தரையைத் துழாவாமல் நடந்து, சாக்கடைக்குள் காலை விட்டேன். தப்பு என்னுடையது. முழங்காலுக்கு மேலே இருப்பதைத்தான் இது சொல்லும். பள்ளமும் படியும் தடியின் பாடு. தடியை விட்டுவிடலாம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் வாங்கவே வேண்டாம்.

எனக்கு இதன் அருமை தெரிந்தது தட்டுவடை செட் விற்கும் வண்டியில்தான். அந்த வண்டியின் தகரக் கூரை சரியாக என் நெற்றி உயரம். தினமும் சாயங்காலம் “அண்ணா, தகரம்!” என்று கடைக்காரர் கத்துவார். போன மாதம் அவர் கத்துவதற்கு முன்பே நின்றுவிட்டேன். “எப்படிண்ணா தெரிஞ்சது?” என்றார். தடியை அவர் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள் என்றேன். “ஆமாங்கண்ணா, ஆடுது, ஆடுது” என்று தகரத்துக்கு முன்னால் அழகாக நின்றார். அப்புறம் தடியைத் தூக்கிப் பிடித்தபடியே திரும்பி, தன் தண்ணீர் வாளியை உதைத்துக் கவிழ்த்தார்.