சூடு வராத கேஸ் டிரையர்: கோளாறு இக்னைட்டரிலா, காயிலிலா?

டிரம் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் துணி ஈரமாகவே இருக்கிறது. கேஸில் சூடேற்றித் துணி உலர்த்தும் கேஸ் டிரையர் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை இது. இதற்கு வழக்கமாகச் சந்தேகப்படும் பாகங்கள் இரண்டு: பர்னரைப் பற்றவைக்கும் இக்னைட்டர், கேஸ் வால்வைத் திறக்கும் காயில்கள். பாருங்கள், பல வீடுகளில் ஏதோ ஒன்றை உத்தேசமாக வாங்கி மாட்டிவிடுகிறோம். நானும் முதலில் இக்னைட்டரைத்தான் மாற்றினேன். முதல் லோடு காய்ந்தது, அடுத்த லோடு காயவில்லை. பழுது காயிலில் இருந்தது.

எதை வாங்கும் முன்பும் பர்னரை ஐந்து நிமிடம் கண்ணால் பாருங்கள். பல மாடல்களில் கீழ்ப் பலகையைக் கழற்றினாலோ, சிறு பார்வைத் துளை வழியாகவோ அது தெரியும். நல்ல டிரையரில் நடப்பது இது: இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். பக்கத்தில் இருக்கும் சென்சார் அந்தச் சூட்டை உணர்ந்து, ஒரு நிமிடத்துக்குள் தன் இணைப்பைத் துண்டிக்கும். உடனே இக்னைட்டர் மங்கும், வால்வு முழுதாகத் திறக்கும், நீல நிறத்தில் தீ பிடிக்கும்.

இந்த வரிசை எங்கே அறுகிறது என்பதுதான் பதில். இக்னைட்டர் ஒளிரவே இல்லையென்றால் அதுவே உடைந்திருக்கலாம்; சென்சாரோ, சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃப்யூஸோ போயிருந்தாலும் இதே அறிகுறிதான். ஒளிர்ந்து, அணைந்து, தீ பிடிக்காமல் மறுபடி ஒளிர்ந்தால் காயில்கள் பக்கம் போங்கள். முதல் கால் மணி நேரம் சூடாக ஓடிவிட்டு அப்புறம் குளிர்ந்துபோவதும் பெரும்பாலும் காயிலின் வேலைதான். சூடேறியதும் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்று விட்டுப்போகும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். இக்னைட்டர் அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்து தீ வராவிட்டால் சென்சாரைப் பாருங்கள்.

மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் மல்டிமீட்டர் இக்னைட்டர் விஷயத்தில் நல்ல துணை. இன்று பரவலாக இருக்கும் தட்டை வகை இக்னைட்டர், ஆறிய நிலையில் சுமார் 50 முதல் 400 ஓம் காட்டும். எதுவும் காட்டாவிட்டால் அது போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். காயிலில் மீட்டரை அப்படி நம்ப முடியாது. இரண்டு முனை காயில் சுமார் 1,200 ஓம் காட்ட வேண்டும். ஆனால் பழுதான காயிலும் ஆறிய நிலையில் சரியான அளவையே காட்டக்கூடும். காயிலுக்கு மீட்டரைவிடக் கண்ணால் பார்த்ததையே நான் நம்புவேன்.

மாற்றுவதில் காயில் எளிது. பிளக்கைப் பிடுங்கி, கேஸை அடைத்துவிட்டு, காயில்களுக்கு மேலே இருக்கும் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால் காயில்கள் கையோடு வந்துவிடும். கேஸ் குழாயைத் தொடவே தேவையில்லை. ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இக்னைட்டர் அப்படியல்ல. சாம்பல் நிறப் பகுதி கண்ணாடியைப் போல நொறுங்கும், விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் ஆயுள் குறையும். அதனால் அடிப்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும். சில மாடல்களில் பர்னரையே வெளியே இழுக்க வேண்டும். அதற்காகக் கேஸ் இணைப்பைப் பிரித்தால், மாட்டிய பிறகு சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தெர்மல் ஃப்யூஸ் போயிருந்தால் அதைத் தனியாக யோசிக்க வேண்டும். காற்று வெளியேறாமல் உள்ளே சூடு தேங்குவதால்தான் அது பெரும்பாலும் போகிறது. புது ஃப்யூஸ் போடும் முன், சூடான காற்றை வெளியேற்றும் வென்ட் குழாயில் அடைந்த பஞ்சுத் தூசியை எடுங்கள். அவசரத்துக்கு ஒரு கம்பியால் ஃப்யூஸைக் கடந்து இணைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வீடு பற்றிக்கொள்ளும்.

நாமே செய்வதா, ஆளைக் கூப்பிடுவதா? காயில், சென்சார், ஃப்யூஸ் மூன்றையும் பொறுமை உள்ள யாரும் மாற்றலாம். வால்வின் உடலைப் பிரிப்பது, இயற்கை எரிவாயு டிரையரை எல்.பி.ஜி.க்கு மாற்றுவது, தீ மஞ்சளாக எரிவது ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். மஞ்சள் தீ என்றால் எரிதல் முழுமையாக இல்லை, கார்பன் மோனாக்சைடு கூடும் என்று பொருள். கேஸ் வாசனை அடித்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து கேஸ் நிறுவனத்தை அழையுங்கள்.

வேலை முடிந்து டிரையரைச் சுவரோடு தள்ளும்போது வென்ட் குழாய் நசுங்கிவிடுவது உண்டு. ஓடவிட்டு, வெளியே போய்க் குழாய் வாயில் கையை வையுங்கள். வெதுவெதுப்பான காற்று பலமாக முட்ட வேண்டும். முட்டாவிட்டால் டிரையரை மறுபடி முன்னால் இழுத்துக் குழாயை நிமிர்த்துங்கள்.