தயோஃப்ளேவின் டி: மலிவான சாயம், பாதி சாட்சி

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா இழைகளைச் சோதனைக்குழியில் கண்காணிக்க இன்றும் முதலில் எடுக்கப்படுவது தயோஃப்ளேவின் டி என்ற இந்த மஞ்சள் பொடிதான். திசுக்களில் அமிலாய்டைக் காட்ட 1959-லேயே பயன்படத் தொடங்கிய சாயம். விலை ஒரு பொருட்டே இல்லை. குழிக்கு 100 மைக்ரோலிட்டர், 10 மைக்ரோமோலார் என்று போட்டால் 96 குழி பிளேட் ஒன்றுக்குச் சுமார் 0.03 மில்லிகிராம் போதும். 5 கிராம் புட்டி லட்சம் பிளேட்டைத் தாண்டும். அதை வாங்குவது வீண். காசைப் பெப்டைடுக்கு, அதாவது இழையாகத் திரளும் அமிலாய்டு பீட்டாவுக்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

மூலக்கூறின் இரண்டு பாதிகள் நடுவிலுள்ள ஒற்றைப் பிணைப்பில் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலும்வரை வாங்கிய ஒளி வெப்பமாகப் போய்விடும். இழையின் பள்ளத்தில் மாட்டிச் சுழற்சி நின்றால் ஒளிரும். 440 நானோமீட்டரில் தூண்டி 480-இல் படிக்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் லேபிள். பல புட்டிகளில் சாய அளவு 65–75 சதவீதம்தான், மீதி உப்பும் ஈரமும். 3.2 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்து '1 மில்லிமோலார்' என்று எழுதிவிட்டால் கணக்கு அங்கேயே தப்பு. 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 50 மடங்கு நீர்த்து, 412 நானோமீட்டரில் உறிஞ்சுதிறனைப் பாருங்கள். மோலார் உறிஞ்சுகுணகம் 36,000. உண்மையிலேயே 1 மில்லிமோலார் என்றால் 0.72 வரும். 0.5 வந்தால் கையில் இருப்பது 0.7 மில்லிமோலார். கரைசலை ஃபாயில் சுற்றி இருட்டில் வையுங்கள். கார பஃபரில் சாயம் மெல்லச் சிதையும், pH 7.4 பாஸ்பேட் பாதுகாப்பு.

பிளேட் கருப்புச் சுவர், தெளிந்த அடி, புரதம் ஒட்டாத பூச்சு உள்ளதாக இருக்கட்டும். பெப்டைடை ஐஸ் மேல் வைத்தே கலந்து, 37 டிகிரிக்கு ஏற்றியதும் படிக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நிலைக்கும் நான்கு குழிகள், மேலே ஒட்டு ஃபிலிம். ஃபிலிம் இல்லாவிட்டால் ஓரக் குழிகள் வற்றி, நேரத்துக்கு எதிரான ஒளிர்வு வளைவு தானாக ஏறும். நான்கு குழிகளும் நான்கு நேரத்தில் ஏறினால் சாயத்தைத் திட்டாதீர்கள். பெப்டைடில் ஏற்கெனவே சிறு திரள்கள் கிடந்திருக்கும். அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிப்பில் ஒற்றை மூலக்கூறுகளைப் பிரித்து, அன்றே பயன்படுத்தினால் அடங்கும்.

பெரிய குறை, மருந்து தேடும்போதுதான் தெரியும். நம் மஞ்சளில் உள்ள குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 420–430 நானோமீட்டரில் ஒளியைப் பலமாக உறிஞ்சும். தூண்டும் ஒளியை அதுவே விழுங்கிவிடுவதால் இழை அப்படியே இருந்தாலும் ஒளிர்வு விழும். 'குர்குமின் இழைகளைத் தடுத்தது' என்று எழுதத் தோன்றும். இதற்கு ஒரு சோதனை உண்டு. இழை முழுதாக வளர்ந்து வளைவு சமன்பட்ட பிறகு சேர்மத்தைப் போடுங்கள். அடுத்த வாசிப்பிலேயே ஒளிர்வு சரிந்தால், அது ஒளியை மறைக்கிறது அல்லது சாயத்தை இழையிலிருந்து இடம்பெயர்க்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். பிறகு வேக மைய விலக்கியில் சுற்றி, மேல்நீரில் எவ்வளவு புரதம் மிஞ்சியது என்று அளந்தோ, எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தோ உறுதிசெய்யலாம். ஒரு சேர்மம் இழையைத் தடுக்கிறது என்று சொல்லும் கட்டுரையில் இந்தப் படி இல்லையென்றால் அதை நம்ப வேண்டியதில்லை.

நியூரான்களுக்கு அதிகத் தீங்கு செய்வதாகக் கருதப்படும் சிறு ஒலிகோமர்களை, அதாவது சில பெப்டைடுகள் மட்டும் சேர்ந்த திரள்களை, இந்தச் சாயம் சரியாகக் காட்டாது. அதற்கு வேறு முறைதான்.

நேர்மின்னேற்றம் இருப்பதால் மூளைக்குள்ளும் நுழையாது. அந்த மின்னேற்றத்தை நீக்கி, கதிரியக்கக் கார்பன்-11 ஏற்றி, PET ஸ்கேனுக்காகச் செய்த வழித்தோன்றல்தான் பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி. உயிரோடு இருக்கும் நோயாளியின் மூளையில் அமிலாய்டைக் காட்டிய முதல் முடிவுகள் 2004-இல் வந்தன. கார்பன்-11-இன் அரைவாழ்வு 20 நிமிடம்தான் என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். 110 நிமிடம் தாங்கும் ஃப்ளோரின்-18 ஏற்றிய ஃப்ளூட்டமெட்டமால் அந்தத் தொல்லையைக் குறைத்தது. அதன் எலும்புக்கூடும் இந்தச் சாயத்தினுடையதுதான்.