லினக்ஸில் பெரிய கேம்கள்: நீண்ட நாள் ஆடிய பிறகு

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிகிறது என்று தெரிந்ததும் என் கணினியை முழுக்க லினக்ஸுக்கு மாற்றிவிட்டேன். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த மெஷின், ஏஎம்டி கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு வாங்கும்போதே கடைக்காரர் “லினக்ஸா? கேம் ஓடாது சார்” என்றார். அவர் சொன்னது பாதிதான் சரி.

தனியாக ஆடும் கேம்கள் ஓடுகின்றன, நன்றாகவே. விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் டைரக்ட்3டியை, அதாவது திரையில் படம் வரைய விண்டோஸ் தரும் வசதியை, நம்பி எழுதப்பட்டவை. லினக்ஸில் அது கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய ஒயின் திட்டத்தின் மேல், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் கட்டிய புரோட்டான்தான் இந்த இடைவெளியை நிரப்புகிறது. கேம் கேட்பதை அது லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் வல்கனுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. முழு விண்டோஸையும் உள்ளே ஓட்டுவதில்லை என்பதால் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் இரண்டையும் குறை சொல்ல முடியாத அளவுக்கு ஆடினேன். ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் ரே டிரேசிங்கை மட்டும் அணைத்துவிட்டேன்.

பொறுமையைச் சோதிப்பது ஷேடர் தயாரிப்பு, அதாவது கேமின் படங்களை வரையும் சின்ன நிரல்களை உங்கள் கார்டுக்கு ஏற்றபடி தயார் செய்வது. டிரைவர் அப்டேட் ஆனால் பல நேரம் அது முதலிலிருந்து தொடங்கும், பிராசசர் முழு மூச்சாக வேலை செய்யும். சென்னை மே மாத மதியத்தில் ஏசி இல்லாத அறையில் அதைச் செய்யாதீர்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஆடலாம், ஆனால் படம் அவ்வப்போது திக்கும். இன்னொன்று, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும் பழைய டிஸ்க்கிலேயே கேம்களை வைத்து ஓட்டப் பார்க்காதீர்கள், லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

உண்மையான சுவர் ஆன்டி-சீட், அதாவது ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள். வாலரன்ட் கேமின் ஆன்டி-சீட்டான வேன்கார்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. புரோட்டானில் விண்டோஸ் கெர்னலே இல்லை, அது எங்கே போய் உட்காரும்? ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட்களும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அதை இயக்கிவிட வேண்டியவர் கேம் தயாரிப்பாளர். ஃபோர்ட்நைட்டில் இயக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 இறுதியில், ஏமாற்றுபவர்கள் லினக்ஸ் வழியாக வருகிறார்கள் என்று சொல்லி கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ள முடியாது. கெர்னலையே தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதக்கூடியவனை எப்படிக் கண்காணிப்பது? இருந்தாலும் நேர்மையாக ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரே நாளில் கதவு மூடியது எரிச்சல்தான்.

ஆக, வேளச்சேரி நண்பர்கள் சனிக்கிழமை இரவு வாலரன்டுக்குக் கூப்பிட்டால் தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவன் தர மனசு வைக்க வேண்டும், அது தனிக் கதை.

நீங்களும் மாறுவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன் எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் உங்கள் கார்டு வைத்திருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படியும் ஓடவில்லையா? வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.