லைன் இல்லாத வீட்டுக்கு ரவுட்டர்: ஹொட்ஸ்பொட்டா, பழைய மோடமா, புதுசா?

யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் கனக்க வீடுகளில் இணைய லைன் இல்லை. ஆளுக்கொரு போன், போனுக்கொரு சிம், மாதம் ஒரு டேட்டா பக்கேஜ், அதோடு சரி. எங்கள் கொக்குவில் வீடும் அப்படித்தான். ஆனால் பிறிண்டர் ஒன்று இருக்கிறது. படலையையும் கிணற்றடியையும் பார்க்கிற கமராக்களும் அவற்றின் ரெக்கோடரும் இருக்கின்றன. ஒரு லப்ரொப், ஒரு ஸ்மார்ட் ரிவி. இத்தனையையும் வீடு முழுக்க வயர் இழுக்காமல் தொடுப்பதற்காகத்தான் ரவுட்டர் தேடினேன். கடையில் நின்ற தம்பி கேட்டார்: "லைன் இல்லாமல் உது என்னத்துக்கு அண்ணை?"

அவரில் பிழையில்லை. ரவுட்டர் என்றால் இணையம் தருகிற பெட்டி என்றுதான் எல்லோரும் பழகிவிட்டோம். அந்தப் பெட்டிக்குள் நடப்பது இரண்டு வேலை. வீட்டுக் கருவிகளுக்கு ஆளுக்கொரு ஐபி விலாசம் (நெட்வேர்க்குக்குள் கருவியை அடையாளம் காட்டுகிற எண்) கொடுத்து, ஒன்று அனுப்புவதை மற்றதிடம் சேர்ப்பது முதல் வேலை. வெளியே போகவேண்டியதை லைன் வழியே அனுப்புவது இரண்டாவது. லைன் இல்லையென்றால் இரண்டாவதுதான் நிற்கும். முதலாவது கரண்ட் இருக்கும்வரை நடக்கும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதே என்று பயப்படத் தேவையில்லை. அது லைனைத் தேடுகிற விளக்கு.

போனிலிருந்து போனுக்குப் படம் அனுப்பவும், போன் திரையை ரிவியில் காட்டவும் மட்டும்தான் தேவை என்றால் ரவுட்டரே வேண்டாம். குயிக் ஷெயார், மிராகாஸ்ட் போன்றவை நேரடியாகவே தொடுத்துக்கொள்ளும். பிறிண்டர், கமரா ரெக்கோடர் என்று எந்த நேரமும் வீட்டில் நிற்கிற கருவிகள் இருப்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு எழுதுவது.

என் முன்னால் இருந்தவை மூன்று: போன் ஹொட்ஸ்பொட், அலுமாரிக்குள் கிடந்த பழைய ஏடிஎஸ்எல் மோடம் (ரெலிபோன் லைனில் இணையம் எடுக்கிற பெட்டி), புதிதாக ஒரு சாதாரண ரவுட்டர். நான் எடுத்தது கடைசியானது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஆர்841என். பழைய மொடல், வைஃபை அலை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும், யூஎஸ்பி துளையும் கிடையாது. ஆனால் இந்த வேலைக்கு அது தாராளம்.

ஹொட்ஸ்பொட்

செலவில்லை, இரண்டு தட்டலில் வேலை முடியும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் போன்காரர் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனால் வீட்டு நெட்வேர்க்கும் கூடவே போய்விடும். பழைய போன் ஒன்றை வீட்டிலேயே விடலாம்தான். ஆனால் இரவு பகலாகச் சார்ஜில் கிடந்தால் பற்றரி வீங்கக்கூடும். தவிர, போனில் டேட்டா போட்டிருந்தால் லப்ரொப் சத்தமில்லாமல் விண்டோஸ் அப்டேட்டை இறக்கி பக்கேஜை முடித்துவிடும்.

இதைவிடப் பெரிய கரைச்சல் விலாசம் மாறுவது. முந்திய அன்ட்ரொயிட் போன்களில் ஹொட்ஸ்பொட் போட்டால் எப்போதும் 192.168.43.1 என்றே தொடங்கும். புதிய போன்களில் அந்த எண்ணும் நிலையாக நிற்பதில்லை.

விலாசம்தான் எல்லாம்

இந்த விலாச விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் தெரிவு செய்தது இதை வைத்துத்தான்.

இணையம் உள்ள வீட்டில் கமரா ரெக்கோடரின் ஐபி விலாசத்தை யாரும் தெரிந்து வைத்திருப்பதில்லை. பெட்டியில் உள்ள கியூஆர் குறியைச் செயலியில் ஸ்கான் பண்ணினால் சரி. ரெக்கோடரும் போனும் எங்கோ இருக்கிற நிறுவனத்தின் சேர்வரில் போய்ச் சந்தித்துக்கொள்ளும். லைன் இல்லாத வீட்டில் அந்தச் சந்திப்பு நடக்காது. செயலியில் 192.168.0.20 என்று எண்ணை நாமே எழுதிக் கொடுக்கவேண்டும். நாளைக்கு அந்த எண் மாறினால் கமரா இல்லை. பிறிண்டரும் பெரும்பாலும் அப்படித்தான்.

எண் ஏன் மாறுகிறது? ரவுட்டருக்குள் இருக்கிற டிஎச்சிபி என்கிற பகுதிதான் வருகிறவர்களுக்கு எண் கொடுக்கிறது. யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை விலை குறைந்த ரவுட்டர்கள் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் பட்டியலும் போய்விடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தை விடுங்கள், இப்போதும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒருக்கா போய் வரத்தானே செய்கிறது. திரும்ப வந்ததும் எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழும்பும், முந்தியவருக்கு முதல் எண். போனும் லப்ரொப்பும் தங்கள் பழைய எண்ணையே திரும்பக் கேட்கும். சின்னக் கருவிகள் எல்லாமே அப்படிக் கேட்குமென்று நம்பமுடியாது. நேற்றுவரை பிறிண்டருக்கு இருந்த எண் இன்றைக்கு ரிவியிடம் போய்விடும். பிள்ளைக்குப் புலமைப்பரிசில் கடந்தகால வினாத்தாள் அச்செடுக்க உட்கார்ந்தால் பிறிண்டர் 'ஓஃப்லைன்' என்று காட்டும்.

இதற்கு மருந்து 'அட்ரஸ் ரிசேர்வேஷன்'. பிறிண்டரில் நெட்வேர்க் விவரப் பக்கத்தை அச்செடுத்தால் அந்தக் கருவிக்கே உரிய மாக் விலாசம் என்று இரண்டிரண்டாக ஆறு சோடி எழுத்தும் எண்ணும் இருக்கும். அதை ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் எழுதி, இவருக்கு எப்போதும் 192.168.0.110 என்று பதிந்துவிட்டால் முடிந்தது. இது நிரந்தர நினைவில் எழுதப்படுவது, கரண்ட் எத்தனை தரம் போய் வந்தாலும் மாறாது. ரெக்கோடரில் இன்னும் சுலபம், அதன் மெனுவிலேயே நிலையான விலாசம் எழுதலாம். நான் வாங்கிய ரவுட்டர் விலாசத்தின் கடைசி இடத்தில் 100இலிருந்து 199வரைதான் தானாகக் கொடுக்கும் என்பதால், ரெக்கோடருக்கு அதற்கு வெளியே 20 என்று வைத்தேன். மோதாது.

பழைய மோடம்

ஓசிச் சாமான். அதிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு விசேஷம் உண்டு. மாரியில் இடி ரெலிபோன் லைன் வழியே இறங்கி மோடத்தின் லைன் பகுதியை மட்டும் சுட்டுவிடும், வைஃபை பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இணையத்துக்கு உதவாது என்று எறிந்து வைத்த அப்படியொரு மோடம் லைன் இல்லாத வீட்டுக்குப் பழுதில்லாத சாமான். குண்டூசியால் ரீசெற் துளையைப் பத்து விநாடி அமத்திப் பிடித்து, அடியில் ஒட்டியிருக்கிற கடவுச்சொல்லால் உள்ளே போனால், 192.168.1.1 இல் அதன் பக்கம் திறக்கும்.

ஆனால் இணையம் தந்தவர்கள் தங்கள் தேவைக்கு மெனுவைச் சுருக்கித்தான் பல மோடங்களைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் அலுமாரி மோடத்தில் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாற்றலாம், ரிசேர்வேஷன் பக்கம் இல்லை. எல்லா மொடலும் இப்படியென்று சொல்லமாட்டேன், உங்களிடம் இருப்பதை ஒருக்கா திறந்து பாருங்கள். அந்தப் பக்கம் இருந்தால், அல்லது ஒவ்வொரு கருவியிலும் கையால் விலாசம் எழுத மினக்கெடத் தயார் என்றால், புதுசு வாங்கத் தேவையே இல்லை.

கரண்ட் கணக்கு பெரிதாக இல்லை. மோடங்களின் அடப்டர் பலவும் 12 வோல்ட் 1 அம்பியர், கூடினால் 12 வாட். என் ரவுட்டருடையது 9 வோல்ட் 0.6 அம்பியர், கூடினால் 5.4 வாட். நாள் முழுக்க ஓடினாலும் மாதம் நாலு யூனிற்றைத் தாண்டாது. சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றும் போடலாம், ஆனால் அது தரும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் முனை 9 வோல்ட் ரவுட்டரிலும் வடிவாகப் பொருந்தும், பிறகு புகைதான்.

புது ரவுட்டரைப் பூட்டுவது

வான் (WAN) என்று எழுதிய, இணைய லைனுக்கான துளையை வெறுமையாக விடுங்கள். ரெக்கோடரின் கேபிளை மற்ற நாலில் ஒன்றில் செருகுங்கள். போனில் ரவுட்டரின் வைஃபையைப் பிடித்து, பிரவுசரில் 192.168.0.1 அடியுங்கள். இதற்கு முன் போனின் மொபைல் டேட்டாவை நிறுத்துவது முக்கியம். நிறுத்தாவிட்டால் இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்ட போன், நீங்கள் அடித்த எண்ணையும் டேட்டா வழியே தேடப் போகலாம். தொடக்க வழிகாட்டி லைன் வகை கேட்கும், 'டைனமிக் ஐபி' என்று விட்டுத் தாண்டுங்கள். கடைசியில் இணையம் இல்லை என்று புலம்பும், புலம்பட்டும். 'அக்சஸ் பொயின்ட்' மோடைத் தொடாதீர்கள். அதில் விலாசம் கொடுக்கிற வேலையை வேறொரு பெட்டி பார்க்கும் என்று இது சும்மா இருந்துவிடும். ரவுட்டர் மோடிலேயே நிற்கட்டும்.

பூட்டிய பிறகும் போன் முரண்டு பிடிக்கும். வைஃபை பிடித்ததும் அன்ட்ரொயிட் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும், ஐபோன் அப்பிளின் முகவரியை. பதில் வராவிட்டால் 'இணையம் இல்லை, தொடரவா?' என்று கேட்கும். 'இனிக் கேட்காதே' என்பதற்குச் சரி போட்டுத் தொடருங்கள். சாம்சுங் போன்களில் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறுகிற வசதி ஒன்று உண்டு, அதையும் நிறுத்தவேண்டும். கமரா பார்க்கிற நேரம் டேட்டாவை நிறுத்தி வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஐபோனில் எனக்குப் பழக்கம் குறைவு.

வேறு இரண்டு விஷயம். இணையம் இல்லாத ரவுட்டருக்கு மணி தெரியாது, கரண்ட் போய் வந்தால் ஏதோ பழைய திகதியில் தொடங்கும். ஆகவே இரவு ஒன்பது மணிக்கு வைஃபையை நிறுத்து என்கிற மாதிரி அட்டவணைகள் சரிவராது. அப்புறம், புதுப் பிறிண்டரைப் பூட்டும்போது ஹெச்பி பிளஸ் திட்டத்தில் சேர்ந்தால் அந்தப் பிறிண்டருக்கு எந்நேரமும் இணையம் வேண்டும் என்பது நிபந்தனை. லைன் இல்லாத வீட்டுக்கு அது ஆகாது.

வைஃபைக்கு 'நெட் இல்லை' என்றே பெயர் வைக்கலாம். அயல் பிள்ளைகள் கடவுச்சொல் கேட்டு வருவது குறையும், நிற்காது. பெயருக்கு 32 பைட் இடம், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாக எண்ணப்பட்டும் 'நெட் இல்லை' 28 பைட்டுக்குள் அடங்கிவிடும். சில ரவுட்டர்கள் தமிழ் எழுத்தை ஏற்காது.

சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நாற்சார் வீடுகளின் தடித்த கற்சுவருக்கு 5 கிகாஹேர்ட்ஸ் அலையைவிட 2.4 தான் ஊடுருவும். பெட்டியை நடு விறாந்தையில் வையுங்கள்.

கனடாவிலிருந்து வருகிறவர்கள் ஈரோ, கூகுள் நெஸ்ட் வைஃபை மாதிரி ரவுட்டர் கொண்டுவரவா என்று கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். அவற்றைச் செயலி வழியே பூட்டுவதற்கே இணையம் வேண்டும், லைன் இல்லாத வீட்டில் அவை கண் விழிக்காது. கொண்டுவந்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் ஜிஎல்-ஐநெட் மாங்கோ மாதிரிப் பயண ரவுட்டர் ஒன்று சொல்லலாம். 5 வோல்ட், போனின் பவர் பாங்கிலேயே ஓடும். சித்தப்பாவின் மகன் கொண்டுவந்ததைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்ததோடு சரி, மாதக்கணக்கில் ஓடவிட்டால் எப்படியென்று சொல்லும் அளவுக்கு நான் பாவிக்கவில்லை. பக்கத்து அறைக்கு வடிவாக எட்டியது, கிணற்றடிக்கு எட்டவில்லை. சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் கையில் இருந்தால் சிம் இல்லாமலும் இதே வேலையைப் பார்க்கும், சிம் எங்கே என்று அதன் பக்கம் நச்சரிப்பதைப் பொறுத்துக்கொண்டால் சரி.

புதிய ரவுட்டர் பக்கம் நான் சாய்ந்ததற்கு இன்னொரு காரணம், என்றைக்காவது ஃபைபர் எடுத்தால் என்ன செய்வது என்பது. ஃபைபர் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை அந்த வெறும் வான் துளையில் செருகினால் போதும். பிறிண்டர் 110, ரெக்கோடர் 20, எல்லாம் அப்படியே நிற்கும், கூடவே இணையம் வரும். பழைய மோடத்தில் அப்படி இல்லை. ஃபைபர் பெட்டிகள் பலவும் அதே 192.168.1.1 இல் உட்கார்ந்திருக்கும். இரண்டும் மோதாமலிருக்க மோடத்தின் எண்ணை மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, பிறிண்டரிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும்.