தலைக்குள் கரோட்டிட் வீக்கம்: சிடி ஆஞ்சியோவா, டிஎஸ்ஏவா, எம்ஆர்ஏவா?

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் அம்மா என் கையைப் பிடித்து, "ரெண்டு வேலூர் பஸ் பக்கத்துல பக்கத்துல வருதே, எதுல ஏறுறது?" என்று கேட்டார். வந்தது ஒரே பஸ். ஒரு கண்ணைப் பொத்தினால் ஒன்றாகத் தெரிந்தது. சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு, மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று முதலில் பார்த்த இடத்தில் அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்குப் பின்னால் வலி கூடிக்கொண்டே போனது. வேலூரில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது: மண்டை ஓட்டின் அடியில், கேவர்னஸ் சைனஸ் என்ற, கண்ணுக்குப் பின்னால் சிரை ரத்தம் ஓடும் இடத்துக்குள், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி புடைத்து, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தத்தில் சாயம் ஏற்றி எக்ஸ்ரேயால் ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஸ்கேன், சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூளையில் ரத்தக் கசிவு என்று ஓடுகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆனால் இந்த இடத்தில் சுற்றிலும் எலும்பு. படத்தில் எலும்பும் வெள்ளை, சாயம் ஓடும் தமனியும் வெள்ளை; பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

டிஎஸ்ஏவில் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ குழாய் செலுத்தி, சாயம் விட்டு, எக்ஸ்ரே படத்திலிருந்து எலும்பைக் கழித்துவிட்டு ரத்தக் குழாயை மட்டும் காட்டுகிறார்கள். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த வழி. ரத்த ஓட்டத்தை இவ்வளவு நுணுக்கமாக வேறெதுவும் காட்டாது. ஆனால் சிறிய அளவில் பக்கவாத ஆபத்து உண்டு. ரத்தம் ஓடும் பகுதி மட்டுமே தெரியும் என்பதால், உள்ளே உறைந்த ரத்தம் இருந்தால் வீக்கம் சிறிதாகத் தோன்றும்.

நான் எம்ஆர்ஐயோடு சேர்த்து எடுக்கும் எம்ஆர்ஏ பக்கம்; அதே காந்த மெஷினில் ரத்தக் குழாய்களைப் படம் பிடிப்பதுதான் அது. உறைந்த ரத்தமும் தெரியும், நரம்பு அழுத்தப்படுவதும் தெரியும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்பது. இந்த இடத்து வீக்கம் மூளை உறைக்கு வெளியே இருப்பதால், வெடித்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது அபூர்வம். அதனால்தான் பலருக்கு வெறும் கண்காணிப்பு. அம்மாவுக்கு வலி குறைந்ததும் டாக்டர் அதையே சொன்னார். கண்காணிப்பு என்றால் வருடக்கணக்கு. கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) சற்று கூடிய சர்க்கரை நோயாளிக்கு ஒவ்வொரு தடவையும் சாயமும் கதிர்வீச்சும் எதற்கு? ஓடும் ரத்தமே பளிச்சென்று தெரிகிற எம்ஆர்ஏவுக்கு இரண்டும் வேண்டாம். தாலிச்செயினைக் கழற்றித் தந்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக்கொண்டு அம்மா உள்ளே போனார். அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்.

ஒரு குறை: பெரிய வீக்கத்தில் ரத்தம் மெதுவாகச் சுழன்றால் எம்ஆர்ஏ மங்கிவிடும். எம்ஆர்ஐயையும் சேர்த்து எடுக்கச் சொல்வது இதற்குத்தான். சிகிச்சை என்று முடிவானால் டிஎஸ்ஏ இல்லாமல் ஆகாது என்றார்கள். நாங்கள் அதுவரை போகவில்லை. போனவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். முடிந்தவரை ஒரே மெஷினில் எடுங்கள், பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கை மறக்காமல் கொண்டுபோங்கள்.