பலகையா, டிராக்டரா, வின்ச்சா? கரிசலில் புதைந்த காருக்கு எது சரி

ஐப்பசி மழையில் விளாத்திகுளம் பக்கம் காட்டுப் பாதையில் காரை இறக்கியவர்களுக்குத் தெரியும், கரிசல் வழுக்குவதோடு விடாது, ஒட்டவும் செய்யும். நாலு சுற்றுக்குள் டயரின் வெட்டெல்லாம் மண் அப்பி, சக்கரம் மொழுமொழுவென்று உருளையாகிவிடும். அதற்கப்புறம் ஆக்சிலேட்டரை மிதிப்பது குழி தோண்டுகிற வேலைதான்.

சுழலும் டயருக்கு அடியில் கொடுத்து வண்டியை மேலே ஏற்றும் பல் வைத்த டிராக்சன் பலகை புதுச் சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளம் போட்ட ஓட்டை இரும்புத் தகடுதான் மூத்த அண்ணன். பத்தடி நீளம், முப்பது கிலோ. இன்றைய நைலான் பலகை ஒன்று நாலு கிலோவுக்குள் அடங்கும். ஆளே வராத இடத்தில், இருட்டில், தனியாக மாட்டினால் இதுதான் கதி.

ஆனால் மம்பட்டி இல்லாத பலகை பாதிப் பலகை. டயருக்கு முன்னால் இருக்கும் மண்ணைச் சரிவாக வெட்டி, வண்டியின் வயிறு தட்டும் இடத்தையும் சுரண்டி, பலகையின் நுனியை டயருக்கு அடியில் திணிக்க வேண்டும். எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறதோ அங்கே. முன்சக்கர டிரைவ் காருக்குப் பின்னால் பலகை வைத்து அரைமணி நேரம் போராடிய ஆள் நான்தான், சொல்ல வெட்கமில்லை. பிறகு சரியாக வைத்தும் அவசரத்தில் மிதித்தேன். டயர் சுழன்று பலகையின் பற்கள் உருகி வழிந்தன. பலகை பின்பக்கமாகச் சீறிப் பறந்தது. மச்சான் தள்ளி நின்றதால் முழங்கால் தப்பியது. கிளட்சை மெல்ல விட்டு, ஊர்ந்து ஏற வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் என்றால் யோசிக்காமல் டிராக்டர். பத்து நிமிட வேலை. ஆபத்து கயிற்றில்தான் இருக்கிறது: இரும்பு வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும், ஆளைக் கொல்லும். பம்பரில் கட்டாதீர்கள். பல கார்களில் திருகி மாட்டும் டோ கொக்கி டூல் பையிலேயே இருக்கும்.

வின்ச்? வண்டியில் மாட்டி, வடத்தை மரத்தில் கட்டி, சுருட்டி வண்டியை இழுக்கிற கருவி. மலையில் ராஜா. விதைத்த கரிசல் காட்டில் அதைக் கட்ட மரம் எங்கே? போதாக்குறைக்கு முப்பது கிலோவுக்கு மேல் எடை, சின்னக் காரில் மாட்டவும் இடமில்லை.

கையில் எதுவுமே இல்லையா? பக்கத்துப் புஞ்சையில் பருத்திமாரோ சோளத்தட்டையோ அடுக்கியிருந்தால், கேட்டு வாங்கிக் குறுக்கே நெருக்கிப் போடுங்கள். கல் வேண்டாம், கரிசல் விழுங்கிவிடும். சாக்கு சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் கொஞ்சம் பிடிப்பு கூடும். ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிக்க பம்பு வேண்டும்.

என் டிக்கியில் இப்போது இரண்டு பலகை, கைப்பிடி குட்டையான மம்பட்டி, பலகையின் ஓட்டையில் கட்ட சிவப்புக் கயிறு. வண்டி ஏறிப்போன பிறகு சகதிக்குள் அமுங்கிய பலகையைத் தேடி எடுக்க அந்தக் கயிறுதான் அடையாளம்.